கை பிரிந்த டில்லிபாபு

டில்லிபாபு இரண்டு பச்சைப் பட்டன்களையும் அமுக்கினான். பிரஸ் இறங்கவில்லை. மறுபடி அமுக்கினான். அசையவில்லை.

விரல் உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக, இரண்டு கையும் ஒரே நொடியில் அமுக்கினால்தான் அந்த மிஷின் இறங்கும். ஆறு வருஷமாக மண்ணூர்க் கம்பெனியில் ஸ்கூட்டர் தகடு அடிக்கிறான். இப்படி நின்றதே இல்லை.

"இன்னா டில்லி, லைன் நிக்குது?" சூப்பர்வைசர் ஏகாம்பரநாதன் ஓடி வந்தார்.

டில்லிபாபுவின் முகம் மெல்ல மலர்ந்தது. "சார், என் கை பிரிஞ்சிடுச்சு."

மூன்று மாதமாக அவன் வீட்டில் டிரம்ஸ் பழகுகிறான். டிரம்ஸ் ஏது? மனைவி கங்காவின் குடம், அண்டா மூடி, காலுக்கு இரண்டு மண்ணெண்ணெய் டின். கையும் காலும் நாலு ஆள் மாதிரித் தனித்தனியாக வேலை செய்தால் தன் மெல்லிசைக் குழுவில் இடம் தருவதாக வாலாஜாபாத் இராமச்சந்திரன் சொல்லியிருந்தார். ஆனால் டில்லிபாபுவின் வலது கை போன இடத்துக்கெல்லாம் இடது கையும் போனது. துணைக்கு இரண்டு காலும் போயின. இன்றைக்குத்தான் விடிவு.

"ஒண்ணு சொல்றத இன்னொண்ணு கேக்க மாட்டேங்குது சார்."

"கேக்க வெக்கறேன். இருநூறு தடவ கை தட்டு."

தட்டினான். யாரோ ரிடையர் ஆகிறார் போல என்று பக்கத்து லைனும் வேலையை நிறுத்திவிட்டுத் தட்டியது. பிரஸ் இறங்கவில்லை.

ஏகாம்பரநாதன் அவன் மணிக்கட்டுகளைத் துணியால் சேர்த்துக் கட்டினார். இப்போது கை எந்தப் பட்டனுக்கும் எட்டவில்லை. முடிச்சும் அவிழவில்லை. டீயை அவரே ஊட்டிவிட வேண்டியதாயிற்று.

பக்கத்து லைன் ஆளைக் கூப்பிட்டார். "சுப்பிரமணி, நீ வந்து உக்காருப்பா."

"வேணாம் சார், தொத்திக்கும். நான் சைக்கிள் ஓட்டிக்கினு வூட்டுக்குப் போவணும்."

மறுநாள் சனிக்கிழமை மெமோ வந்தது. 'தங்களது வலது கையும் இடது கையும் ஒத்துழைக்காததால் உற்பத்தி பாதிக்கப்பட்டது. மீண்டும் நேர்ந்தால் வேலைநீக்கம்.'

கங்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வேலை பூட்டா இன்னா பண்ணுவ?"

"இது மெமோ இல்லடி, சர்டிபிகேட்டு." பழகி முடித்தவனுக்கு இனி என்ன பழக்கம் என்று குடத்தையும் அண்டா மூடியையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினான்.

இராமச்சந்திரன் மெமோவை இரண்டு முறை படித்தார். இருபது வருஷத்தில் எந்த டிரம்மரும் இதை எழுத்தில் கொண்டுவந்ததில்லை. அவருடைய ஆள் வேறு துபாய்க்குப் போய்விட்டான்.

"வாசிச்சுக் காட்டவே வேணாம். நாளைக்கு சாயங்காலம் ரிசப்ஷன். நீதான்."

ஞாயிறு மாலை, மேடையில் பளபளவென்று நிஜ டிரம்ஸ். எதிரே ஐந்நூறு பேர். இராமச்சந்திரன் விரலைச் சொடுக்கி "ஒன், டூ" என்றார். டில்லிபாபு குச்சிகளைத் தூக்கினான்.

கம்பெனி எலக்ட்ரீஷியன் சின்னப்பையன் ஐஸ்கிரீம் கப்போடு மேடையோரம் வந்து நின்றான். ஒரு வார லீவு முடிந்து அன்று காலைதான் ஞாயிறு ரிப்பேர் டூட்டிக்குப் போயிருந்தான்.

"டில்லிண்ணே, மெமோவுக்குலாம் பயப்படாம வாசி. லெஃப்ட் பட்டன் வொயர எலி கடிச்சிருந்துச்சு, மாத்திட்டேன். உன் கை ரெண்டும் எப்பவும் போல ஒண்ணாத்தான் கீது."