ஒரு பெயரில் இரண்டு பொட்டலம்

சனிக்கிழமை காலை, புட்டில் பழத்தைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்த நேரம் பார்த்து வினீத்துக்கு மாமனாரின் போன் வந்தது.

"மக்கா, சர்ச்சில ஸ்கிரீன் கறுத்துப் போய்க் கெடக்கு. வெள்ளை எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ வந்திருக்கு."

என்ன எழுதியிருக்கிறது என்று வினீத் கேட்டான். சபைச் செயலாளரான மாமனார் ராஜதாஸ், வேதபாடம் வாசிக்கிற குரலில் நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"எக்ஸெக். ஃபார்மேட். எரர். இது பாட்டு இல்லேன்னு எனக்குத் தெரியும். பின்ன என்னவாக்கும்?"

வினீத் புட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

திருவனந்தபுரத்தில் பார்த்த நல்ல வேலையை விட்டுவிட்டு, குன்னத்துகாலில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வினீத் செய்திருந்தது ஒரே ஒரு புரோகிராம். ஆலயத்தில் பாட்டு எண்ணைத் தட்டினால் போதும். திரையில் மேலே தமிழிலும் கீழே மலையாளத்திலும் வரிகள் ஓடும். இந்த எல்லைப் பக்கத்தில் ஒரே பெஞ்சில் புருஷன் தமிழிலும் பெண்டாட்டி மலையாளத்திலும் பாடுவார்கள் என்பதால் அது எடுபட்டது. நெய்யாற்றின்கரைப் பக்கம் மாமனாரின் சபையில் ஒன்று, காட்டாக்கடையில் ஒரு ஜெபக்கூடத்தில் ஒன்று, வீட்டில் சோதனைக்கு ஒன்று. மூன்று இடத்திலும் அதை ஓட்டுவது உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். ராஜதாஸ் அதை முதன்முதலில் பார்த்தபோதே, "இது சோப்புப் பெட்டியாக்கும்" என்றார். அதற்குப் பிறகு வேறு பெயர் சொன்னதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கோட்டுகால் பக்கத்துச் சபைக் கமிட்டி இந்தத் திரையைப் பார்க்க வருகிறது. பிடித்துவிட்டால் அவர்களும் போடுவார்கள். அவர்களைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்தில் பதினொரு சபைகள் போடும். பிடிக்காவிட்டால் வினீத் திங்கட்கிழமை மாமனாரின் ஹாலோ பிரிக்ஸ் கம்பெனியில் மேனேஜராக உட்கார வேண்டும். வாய் கொழுத்துப்போய் அவனே ஒப்புக்கொண்ட பந்தயம் அது. "ஒரு ரிப்பேருக்கும் நேர்ல வர வேண்டாம் மாமா, எல்லாம் வீட்டுல இருந்தே செய்வேன்" என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தான்.

வம்புக்குக் காரணம் கோட்டுகால்காரர்களிடம் ஏற்கெனவே இருந்த பெரிய கம்ப்யூட்டர். சின்னப் பெட்டிக்குக் கட்டிய புரோகிராம் அதில் ஓடாது. ஆகவே வெள்ளிக்கிழமை வினீத் ரிலீஸ் வேலையை ஒரு தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தான். ஒரு கமாண்ட் தட்டினால் இரண்டு வகை மெஷினுக்கும் தனித்தனியாகக் கட்டி, இன்டர்நெட்டில் ஏற்றி, இரண்டையும் ஒரே பெயரின் கீழ் சேர்த்துவிடும்.

"இமேஜ்னா படம் இல்ல," என்று மனைவி ஷாலுவுக்கு அன்றைக்கே விளக்கியிருந்தான். "புரோகிராமும் அதுக்கு வேண்டிய சாமானும் சேத்துக் கட்டின பொட்டலம். பொட்டலம் ரெண்டு, பேரு ஒண்ணு. நம்ம பாட்டு மாதிரிதான். நம்பரு ஒண்ணு, அவனவன் அறிஞ்ச பாஷையில பாடுவான்."

"அப்போ மெஷின் தமிழ் பொட்டலத்த எடுத்துட்டு மலையாளத்துல பாடினா?" என்றாள் ஷாலு.

"அப்படி வராது," என்றான்.

வந்திருந்தது. எக்ஸெக் ஃபார்மேட் எரர் என்றால் அதுதான் அர்த்தம்: இது உன் மெஷினுக்கான பொட்டலம் அல்ல.

வீட்டுப் பெட்டியை ஆன் செய்தான். ஆன் செய்தால் புதுப் பொட்டலத்தை அதுவாகவே இறக்கிக்கொள்ளும். இறக்கியது, பாட்டு அழகாக ஓடியது. அதே பெட்டி, அதே பொட்டலம், சர்ச்சில் மட்டும் ஓடவில்லை. வினீத் கருவிக்கு எழுதிக்கொடுத்த குறிப்பைத் தோண்டினான். தப்பு அகப்பட்டது. இரண்டு பொட்டலத்துக்கும் அவன் ஒரே பெயரை நேரடியாகக் கொடுத்திருந்தான். பின்னால் ஏறியது முன்னால் ஏறியதை அழித்துவிட்டு உட்கார்ந்திருந்தது. பின்னால் ஏறியது சின்னப் பெட்டிக்கானது என்பதால் சர்ச்சில் ஓடியிருக்க வேண்டும் என்பதும் உறைத்தது. ஆனால் தப்பு கையில் அகப்பட்ட சந்தோஷத்தில் அதை யோசிக்காமல் விட்டான்.

இரண்டுக்கும் தனிப் பெயர் கொடுத்து மறுபடி ஏற்றினான். ஏற்றியவன், இரண்டையும் சேர்க்கிற பொதுப் பெயரை எழுத மறந்தான். பெட்டிகள் பொதுப் பெயரைக் கேட்டன. அப்படி ஒன்று இல்லை என்று பதில் வந்தது. இப்போது சர்ச்சோடு வீட்டுப் பெட்டியும் படுத்தது. பத்தே நிமிடத்தில் காட்டாக்கடையிலிருந்து போன். உபவாச ஜெபம் நடந்துகொண்டிருக்கிறதாம், கரண்ட் போய் வந்ததும் திரை இருண்டதாம், போதகர் மனப்பாடமாகப் பாடிச் சமாளிக்கிறாராம், அவருக்குத் தெரிந்தது இன்னும் இரண்டு பாட்டுதானாம்.

பதறிப்போய்ப் பொதுப் பெயரை எழுதி மூன்றாவது முறை ஏற்றினான். பதற்றத்தில் இரண்டு வரியிலும் பெரிய கம்ப்யூட்டர் பொட்டலத்தையே எழுதிவிட்டான். வீட்டுப் பெட்டி, எக்ஸெக் ஃபார்மேட் எரர். காட்டாக்கடையிலும் அதே எரர். போதகர் கடைசிப் பாட்டில் இருந்தார்.

அந்த நேரத்தில் அஜிஷா கூப்பிட்டாள். பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிற பெண். அவ்வப்போது சுவர் ஸ்விட்சை அணைத்துப் போட்டுத் திரையைப் பார்த்துச் சொல்ல ராஜதாஸ் அவளைக் காலையிலிருந்து சர்ச்சில் உட்கார்த்தி வைத்திருந்தார். போனில் அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒரு ஃபேன் இரைந்துகொண்டிருந்தது.

"வினீத் அண்ணா, இங்க ஸ்கிரீன்ல..."

"எனக்குத் தெரியும் அஜிஷா. இங்கயும் அந்தக் கூத்துதான். ஒடனே ஆஃப் பண்ணு, நான் சொல்லாம ஆன் பண்ணாண்டாம்."

"இல்லண்ணா, அது..."

"ஆஃப் பண்ணும்மா."

பண்ணினாள். இரைச்சலும் நின்றது. வினீத்துக்கு அழுகை வரும் போல இருந்தது. இரண்டு மாதமாகக் கட்டிய மானம், மூன்று கமாண்டில் போய்விட்டது. சிமென்ட் தூசி படிந்த மேஜையின் பின்னால் தான் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

மூன்று மணிக்கு ஒரு முடிவுக்கு வந்தான். கோட்டுகால்காரர்களின் கம்ப்யூட்டரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு மாமனாரின் சபையில் ஓடினால் போதும். பெரிய கம்ப்யூட்டர் வரிகளைக் குறிப்பிலிருந்து அடியோடு வெட்டி எறிந்தான். சின்னப் பெட்டிக்கு மட்டும் ஒரு பொட்டலம், அதே பொதுப் பெயர், ரிலீஸ். வீட்டில் ஓடியது. காட்டாக்கடையிலும் ஓடியது, போதகர் ஸ்தோத்திரம் சொன்னார். வினீத் அஜிஷாவைக் கூப்பிட்டு ஆன் செய்யச் சொன்னான்.

"பழையபடி எக்ஸெக் ஃபார்மேட் எரர்தாண்ணா," என்றாள் அவள்.

பள்ளிக்கூட மீட்டிங் முடிந்து ஷாலு ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது அவன் வாசலில் ஹெல்மெட்டோடு நின்றிருந்தான். நேர்ல போக வேண்டாம்னு சொன்னது யாராம் என்று அவள் கேட்கவில்லை. சாவியை மட்டும் கொடுத்து, பின்னால் ஏறிக்கொண்டாள்.

சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். மாமனாரின் சபைக் கமிட்டிக்காரர்கள் நாலு பேர் முன்பெஞ்சில் இருந்தார்கள். பீடத்துக்குப் பக்கத்தில் பூட்டிய மர அலமாரி. கம்ப்யூட்டர் அதற்குள், ஸ்விட்ச் மட்டும் வெளியே சுவரில், சாவி ராஜதாஸின் இடுப்பில். மேலே திரையில் அந்த மூன்று வார்த்தைகள், ஞாயிறு வசனம் போலப் பெரிதாக.

"மாமா, மூணு பெட்டியில ரெண்டு நல்லா ஓடுது," என்றான் வினீத்.

"ஓடாத ஒண்ணுதானே மக்கா எனக்க சபையில இருக்கு."

காலையிலிருந்து செய்தது முழுவதையும் வினீத் எல்லாருக்கும் முன்னால் ஒப்புவித்தான். வெள்ளிக்கிழமை சின்னப் பெட்டிப் பொட்டலம் பெரியதை அழித்தது, நடுவில் பெயரே இல்லாமல் போனது, மத்தியானம் பெரிய கம்ப்யூட்டர் பொட்டலம் மட்டும் போனது, இப்போது சின்னப் பெட்டிக்கு மட்டும் அனுப்பியிருப்பது, எதையும் மறைக்கவில்லை.

"மத்தியானம் இங்க நல்லா ஓடிச்சேண்ணா," என்றாள் அஜிஷா. "தமிழும் மலையாளமும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. அதச் சொல்லத்தான் விளிச்சேன். நீங்கதான் ஆஃப் பண்ணச் சொன்னீங்க."

"மத்தியானம் போனது பெரிய கம்ப்யூட்டருக்கு உள்ளதாக்கும். அது சின்னப் பெட்டியில ஓடவே ஓடாது," என்றான் வினீத். அதைக்கூட அடித்துச் சொல்ல அவனிடம் தெம்பில்லை.

ராஜதாஸ் எழுந்து அவன் தோளில் கை வைத்தார். அவருக்கும் வருத்தம்தான், மருமகனைப் பற்றிக் கோட்டுகால் வரைக்கும் பெருமை பேசியிருந்தவர்.

"போட்டும் மக்கா. எல்லாருக்கும் எல்லாம் ஒத்து வராது. திங்கட்கிழமை காலத்த எட்டு மணிக்குக் கம்பெனிக்கு வா. மேஜை தொடச்சுப் போட்டிருக்கு."

வினீத் தலையை ஆட்டினான். ஷாலு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீபோர்டு உறையை மடித்துக்கொண்டிருந்த அஜிஷாவுக்கு மட்டும் ஏதோ கணக்கு இடித்தது.

"செக்கரட்டரி மாமா, கோட்டுகால்காரங்க பாத்தா நமக்கு நாணக்கேடுன்னு சொல்லி, வெள்ளிக்கிழமை நீங்க அந்தச் சோப்புப் பெட்டிய எடுத்துட்டு, ஆளு வச்சு அதுல உள்ள எல்லாத்தையும் காப்பி பண்ணி, கம்பெனியில கெடந்த பெரிய கம்ப்யூட்டர இந்த அலமாரியில கொண்டு வச்சீங்கல்லா, அது வினீத் அண்ணனுக்குத் தெரியாதா?"