முத்தலிப் கையில் என் ஊசி

நான் ஒரு முடிவு எடுத்தேன். என் உடம்பில் ஊசி ஏற்ற எவருக்கும் அனுமதி இல்லை. அரசாங்கமே கும்பிட்டுக் கேட்டாலும் இல்லை.

எழுபத்துநாலாம் ஆண்டு. கொலரா நாட்டுக்குள் வந்துவிட்டது என்று ரேடியோ நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தது. ஆவணித் திருநாளுக்கு எங்கள் பாலையூற்றுக் கோயிலில் இருந்து மடுவுக்கு பஸ் போக இருந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் சுகாதாரப் பரிசோதகர் முன்னுக்கு வந்து நின்று அறிவித்தார். கொலரா ஊசி போட்ட கார்ட் இல்லாதவர் பஸ்ஸில் ஏற முடியாது. ஊசி போட்டு ஆறு நாளாவது ஆகியிருக்கவும் வேண்டும். என் மனைவி இன்பமலர் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் மெழுகுதிரியைப் பார்த்தேன்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. சீனன்குடாவில் ஸ்ரோர்கீப்பர். ஸ்ரோருக்குள் வந்த பாம்பைத் தனியாக நின்று அடித்தவன். பாம்பு இரண்டு முழம். ஊருக்குள் நான் சொன்ன கணக்கில் ஆறு முழம். ஆனால் பாம்பு சொல்லாமல் கொள்ளாமல் வரும். ஊசி அப்படியில்லை. கண்ணுக்கு முன்னால் கொதிக்கவைத்து, மருந்து இழுத்து, காற்றுப் போக ஒருமுறை பீய்ச்சிக் காட்டி, கையில் பஞ்சு தேய்த்து, "பயப்பிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் குத்துவார்கள். அவ்வளவு நேரமும் மனுசன் உயிரோடு இருக்க வேண்டும்.

மடுவுக்குப் போகாமல் விடவும் வழியில்லை. முந்திய வருடம் எங்கள் மகள் றோசுக்கு நெருப்புக்காய்ச்சல், டைபொயிட், வந்தது. இருபத்தொரு நாள் பிள்ளை படுக்கையில் கிடந்தது. பிள்ளை எழும்பினால் மூன்று பேருமாக வந்து மெழுகுதிரி ஏற்றுவோம் என்று இன்பமலர் மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்தாள். பிள்ளை எழும்பிவிட்டது. மூன்று பேர் என்ற கணக்கில் நானும் ஒருவன்.

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் என்னிடம் மூன்று காரியம் கேட்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் கொதித்தாறின தண்ணீர் குடிக்க வேண்டும். கிணற்றுக் கட்டை உயர்த்தி மூடி போட வேண்டும். கக்கூசுக்கும் மூடி வேண்டும். நான் மூன்றுக்கும் ஒரே பதில் வைத்திருந்தேன்.

"பிள்ளைக்கு வந்தது பள்ளிக்கூட வாசல் ஐஸ்பழத்தால. இது என்ர அப்பாவுக்கு அப்பா குடிச்ச கிணறு."

அவள் பிள்ளைக்கு மட்டும் ஒரு சின்னப் பானையில் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். நான் கிணற்றடியில் வாளியோடு வாய் வைத்துக் குடித்தேன்.

ஊசி விஷயத்துக்கு வழி அடுத்த வளவில் இருந்தது. முத்தலிப் மூதூருக்குப் போகும் லாஞ்சில் வேலை செய்கிறவர். மலை மாதிரி ஆள். அவரும் இன்னும் ஊசி போடவில்லை, போடத்தான் இருந்தார். வேலிக்கு மேலால் கதைத்தோம்.

"முத்தலிப், உங்களுக்கு ஊசி வேணும். எனக்குக் கார்ட் வேணும். என்ர பேரில நீங்க போய்ப் போட்டா ரெண்டு பேருக்கும் சரி."

"என்ட கார்ட்டுக்கு என்ன செய்யிற மச்சான்?"

"நீங்கள் என்ன, மடுவுக்கோ போகப் போறீங்கள்?"

முத்தலிப் யோசித்தார். என் சைக்கிள் டைனமோவைக் கழற்றிக் கொடுத்தேன். யோசனை முடிந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் ஊசி. பெண்கள் வரிசையில் இன்பமலரும் றோசும் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆறு வயசுப் பிள்ளை அழவே இல்லையாம், என்னிடம் வந்து சொல்லிக் காட்டியது. ஆண்கள் வரிசைக்கு நான் புறப்பட்டுப் போய், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றேன். முத்தலிப் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். ஊசி போட்டவர் வெளியூர் மிஸி, எங்கள் இருவரையும் தெரியாது. பத்து நிமிடத்தில் என் பெயர் எழுதிய கார்ட் என் கையில் இருந்தது. நான் வலது தோளைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வீட்டுக்கு வந்தேன்.

அன்று இரவு குசினியில் நண்டுக் கறி மணத்தது. என் கோப்பையில் வெறும் கஞ்சி.

"எந்தக் கை?" என்று கேட்டாள் இன்பமலர்.

"வலது."

"றோசுக்கு இடதில எல்லோ போட்டவை."

"சின்னப்பிள்ளையளுக்கு இடது. பெரிய ஆக்களுக்கு வலது."

"எனக்கும் இடதிலதான் போட்டது."

"பொம்பிளையளுக்கு இடது."

"ஓ. அப்ப உங்களுக்குக் காய்ச்சல் வரும். ரெண்டு நாளைக்குக் கஞ்சிதான்."

"நீங்களும் ஊசி போட்டனீங்கள்தானே, நண்டு சாப்பிடுறீங்கள்?"

"எங்களுக்கு இடது கையில."

நான் கஞ்சியைக் குடித்தேன். உப்பை வறுத்துத் துணியில் முடிந்து என் வலது தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஒத்தடத்தில் தோள் சிவந்தே போனது. அதையும் நான் சந்தோசமாகத்தான் வாங்கிக்கொண்டேன், ஊசி இல்லையே.

என் சந்தோசம் அடுத்த நாள் பூசை வரைக்கும் இருந்தது. பரிசோதகர் ஒரு பெரிய படத்தோடு வந்திருந்தார். படத்தில் கக்கூசுக் குழி, அதில் இலையான் என்கிற ஈ ஒன்று, பக்கத்தில் ஒரு சோற்றுக் கோப்பை. இலையானுக்கு ஆறு காலும் கீறி, ஒவ்வொரு காலிலும் கறுப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். காலையில் வயிற்றோட்டம் தொடங்கினால் பின்னேரத்துக்குள் உடம்புத் தண்ணீர் முழுக்க வற்றிவிடுமாம், உடனே கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டுப் பருக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம். எங்கள் பெரியாஸ்பத்திரியிலும் ஒருவரைத் தனி வார்ட்டில் வைத்திருக்கிறார்கள் என்றார். சனம் ஆறுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தது. எல்லாரும் ஊசி போட்டவர்கள். அந்தக் கோயிலில் வேர்த்தது எனக்கு மட்டும்தான்.

அடுத்த நாள் வேலையால் வரும் வழியில் கிறிஸ்டின் மிஸியின் வீட்டுக்குப் போனேன். எங்கள் பங்குப் பிள்ளைதான், ஆஸ்பத்திரியில் தாதி.

"மிஸி, என்ர சிநேகிதன் ஒருத்தன். ஊசி போடேல்ல."

"போடச் சொல்லுங்கோ."

"அவனுக்கு ஏலாது."

"ஏன், ஏதும் வருத்தமோ?"

"ஓம். பயம்."

மிஸி லேஞ்சியால் வாயைப் பொத்தி இருமினார்.

"அப்ப அவர் கவனமா இருக்கோணும். கொலரா காத்தில வாறதில்ல, பேணாட் அண்ணன். வாயாலதான் உள்ளுக்குப் போகும். வருத்தக்காரன்ர வயித்தால போறது தண்ணியில சேரும், கையில ஒட்டும், இலையான்ர காலில ஒட்டும். அது சோத்துக்கு வந்தா முடிஞ்சுது."

"அதுக்குச் சிநேகிதன் என்ன செய்யோணும்?"

"தண்ணியைக் கொதிக்க வைக்கோணும். சூடு காட்டி இறக்கிறதில்ல, குமிழி போட்டுக் கொதிக்கோணும். பிறகு மூடி வைக்கோணும். அதுக்குள்ள கையை விட்டு அள்ளினா கொதிக்க வைச்சதில பிரயோசனம் இல்ல. கக்கூசுக்குப் போட்டு வந்தாச் சவர்க்காரம். சாப்பிட முன்னம் சவர்க்காரம். கக்கூசுக்கு மூடி. குளிக்கிற தண்ணி திரும்பக் கிணத்துக்குள்ள வடியாமக் கட்டு."

"கிணத்துக்கு மூடியும் வேணுமோ?"

"அவற்ற வீட்டில கிணறு இருக்கோ?"

"என்ர கிணறு மாதிரி ஒரு கிணறு."

"அப்பக் கட்டாயம் வேணும்."

"ஊசி போட்ட ஆக்களுக்கு இதொண்டும் தேவையில்லைத்தானே?"

"ஆர் சொன்னது? அந்த ஊசி ரெண்டு பேரில ஒருத்தருக்குத்தான் பிடிக்கும். அதுவும் கொஞ்ச மாதத்துக்குத்தான். நெருப்புக்காய்ச்சலுக்கும் வயித்துளைவுக்கும் அது காவலே இல்ல."

போட்டவனுக்கே பாதிக் காவல் என்றால் போடாதவனுக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். ஸ்ரோர்கீப்பருக்குக் கணக்குப் பிழைக்காது. விடை பூச்சியம்.

அடுத்த நாள் விடியக்காலமை இன்பமலர் குசினிக்குள் வந்தபோது நான் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தேன்.

"என்னப்பா இது?"

"தண்ணி கொதிக்க வைக்கிறன்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும்."

"உங்கட அப்பாவுக்கு அப்பா குடிச்ச கிணறல்லோ?"

"அவர் செத்துப் போனார்தானே."

"விறகு முடியுது."

"நான் கொத்துறன்."

கொத்தினேன். பெரிய பானை வைத்தேன், அகப்பை கட்டினேன், பானைக்குள் கை விட்டால் கையை முறிப்பேன் என்று வீட்டுக்கு அறிவித்தேன். அந்த வருசம் சவர்க்காரம் கிடைப்பதே பெரும்பாடு. இருந்த ஒரே கட்டியை நூலால் நாலாக அறுத்து, ஒன்றைக் கக்கூசு வாசலில் கட்டித் தொங்கவிட்டேன். முன் விறாந்தைப் படிக்கென்று ஒளித்து வைத்திருந்த அரை மூட்டைச் சீமெந்தை எடுத்துக் கிணற்றுக் கட்டை ஒரு முழம் உயர்த்தினேன். கழிவுத் தண்ணீர் வேலியடி வாழைக்கு ஓட வாய்க்கால் போட்டேன். துறைமுகத்து ஏலத்தில் எடுத்த பழைய கப்பல் பலகையை வாள் போட்டு அறுத்துக் கிணற்றுக்கு ஒரு மூடி, கக்கூசுக்கு ஒரு மூடி. இலையான் ஒன்று வீட்டுக்குள் வந்தால் வேலைக்குப் பிந்தினாலும் அதை அடித்துவிட்டுத்தான் போனேன்.

இன்பமலர் ஒவ்வொன்றுக்கும் மறுப்புச் சொன்னாள். "ஊசி போட்டாச்சு, இனி ஏனப்பா கஷ்டப்படுறீங்கள்?" என்பாள். நான் மேசனுக்கு மேசனாக நின்று சுகாதாரம் விளக்குவேன். மிஸி சொன்னதைச் சொந்தச் சரக்குப் போல எடுத்து விடுவேன். அவள் நாடியில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். கலியாணம் கட்டி எட்டு வருசத்தில் அவள் என் பேச்சை அவ்வளவு மரியாதையாகக் கேட்டது அந்த நாட்களில்தான்.

மூடி போட்டு முடித்த மத்தியானம் நல்ல வெயில். நாக்கு வறண்டு நின்றேன். அவள் ஒரு செம்போடு வந்தாள்.

"இப்பத்தான் அள்ளினது. நல்ல குளிர். குடியுங்கோ."

"கொதிச்சாறினது இல்லையோ?"

"அது முடிஞ்சுது. ஊசி போட்ட ஆள்தானே, இதில ஒரு மிடறு குடிச்சா என்ன?"

செம்பைப் பார்த்தேன். தண்ணீருக்குள் ஆறு கால் நீந்துவது போலத் தெரிந்தது. வாங்கி முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

"ஓ," என்றாள். செம்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு காலை றோஸ் என் பானையில் இருந்து அகப்பையால் அள்ளி, போத்தலில் விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது. அந்த இருபத்தொரு நாளும் எனக்கு நினைவு வந்தது. இரண்டு பலகைக்கும் அரை மூட்டைச் சீமெந்துக்கும் ஒரு வருசம் சாட்டுச் சொல்லியிருக்கிறேனே என்று உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டேன் என்பதற்காக ஊசி போட வேண்டும் என்று இல்லை. அது வேறு பகுதி.

பஸ்ஸுக்கு இன்னும் ஆறு நாள். வேலையால் வந்தேன். வீட்டுக் கூடத்தின் நடுவில் ஒரு கதிரை தனியாகப் போட்டிருந்தது. குசினியில் கிறிஸ்டின் மிஸி என் அடுப்பில் ஒரு தகரப்பெட்டியை வைத்துக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"பேணாட் அண்ணன், உங்கட சிநேகிதன் இந்த வீட்டிலதான் இருக்கிறாராம். அக்கா சொன்னவ."

நான் வாசலைப் பார்த்தேன். வாசலில் றோஸ் நின்றது.

"அப்பா, நான் அழேல்ல," என்றது.

"எனக்குக் கார்ட் இருக்கு மிஸி," என்றேன்.

"ஓம், கார்ட் இருக்கு. ஊசிதான் குறை. முத்தலிப் நானாவுக்கு நாங்கள் வேற கார்ட் எழுதிக் குடுத்திட்டம்."

"இண்டைக்குப் போட்டாத்தான் ஆறு நாள் சரிவரும்," என்றாள் இன்பமலர். "பொய்க் கார்ட்டோட மாதாவுக்கு முன்னால உங்களைக் கொண்டுபோய் நிப்பாட்ட எனக்கு ஏலாது. இருங்கோ."

இருந்தேன். பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். மிஸி இடதைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டேன். இரண்டாம் முறை கூப்பிட முன்னம் எல்லாம் முடிந்துவிட்டது. எறும்பு கடித்த அளவுதான். அதுதான் எனக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது.

மிஸி போன பிறகு கேட்டேன்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ஊசி போட்ட அண்டு பின்னேரமே. முத்தலிப்பின்ர மனிசி றுக்கியா கொத்தமல்லி கேட்டு வந்தா. 'எங்கட ஊட்டுல கை வீங்கியிருக்கு, கார்ட் இல்ல. உங்கட ஊட்டுல கார்ட் இருக்கு, கை வீங்கல்ல. என்ன புள்ள இது?' எண்டு கேட்டா."

கஞ்சி, ஒத்தடம், விறகு, சீமெந்து, வாய்க்கால். எல்லாம் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"இவ்வளவு நாளாத் தெரிஞ்சும் ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

இன்பமலர் என் கையில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"அண்டைக்கே சொல்லியிருந்தா உங்களுக்கு ஒரு ஊசியோட முடிஞ்சிருக்கும். என்ர கிணத்துக்கு ஆர் மூடி போட்டிருப்பினம்?"