தண்ணி திறந்தாச்சி

தனக்கு மட்டும் வந்த செய்தியை நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு அனுப்பிவிட்ட விஷயம் தெரியாமல், வாயெல்லாம் பல்லாக மோட்டார் சைக்கிளை முடுக்கினான் முஸ்தாக்.

செய்தி இதுதான்: "தண்ணி திறந்தாச்சி. கெதியா வாங்க."

அனுப்பியவள் அவன் மனைவி றினோஸா. கல்யாணம் முடித்து ஐந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. போன மாதம் கிளினிக்கில் கிருஷாந்தினி மிஸ் பொறுமையாக விளக்கியிருந்தார். "முட்டை வாற நாளைப் பிடிக்க வேணும். பரிசோதிக்கிற துண்டில ரெண்டு கோடும் ஒரே கடுமையா வந்தா, அண்டைக்கும் அடுத்த நாளும் தவற விடாதீங்க."

இதையெல்லாம் போனில் எழுத முடியுமா? றினோஸாவின் போன் பாதி நேரம் அவள் உம்மாவின் கையில்தான் இருக்கும். அதனால் முஸ்தாக் ஒரு குறிச்சொல் கண்டுபிடித்துக் கொடுத்தான். உலகத்தில் வேறு எவனுக்கும் இப்படி ஒரு யோசனை வந்திருக்காது என்று அவனுக்கு மகா பெருமை.

பெருமையில் ஒன்றை மறந்துவிட்டான். அவன் வட்டை விதானை. சொறிக்கல்முனைப் பக்கத்து வயல்காரர்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைவைத்துப் பங்கிட்டுக் கொடுப்பவன். 'தண்ணி' என்று எந்தச் செய்தி வந்தாலும் உடனே சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவது அவன் பெருவிரலுக்குப் பழகிப்போன வேலை. மூளை விழித்துக்கொள்வதற்குள் விரல் காரியத்தை முடித்துவிட்டது.

கோடைச் சிறுபோக நெல் வேறு. பதினொரு நாளாகத் தண்ணீர் இல்லாமல் வயல்கள் வெடித்துக் கிடந்தன.

அரை மைல் போவதற்குள் சங்கச் செயலாளர் சுபியான் அழைத்தான். முஸ்தாக்கை அண்ணன் முறை வைத்து 'காக்கா' என்றுதான் கூப்பிடுவான்.

"அல்ஹம்துலில்லாஹ்! எந்த வாய்க்காலுக்குக் காக்கா முதல்ல?"

"என்னது முதல்ல?"

"தண்ணி காக்கா! நீங்கதானே குழுவில போட்ட?"

முஸ்தாக் இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். செய்தியை அழித்தான். பதற்றத்தில் 'எனக்கு மட்டும் அழி' என்பதை அழுத்தினான். இப்போது அந்தச் செய்தி குழுவில் அவன் ஒருவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியவில்லை.

தொண்டையைக் கனைத்துக்கொண்டு குரல் பதிவு ஒன்று போட்டான். "எல்லாருக்கும் ஸலாம். அது வயல் தண்ணி இல்ல, வீட்டுத் தண்ணி. ஆரும் வயல் வட்டைக்கு வரவேணாம்."

அப்பாடா என்று புறப்பட்டான். பத்தாவது நிமிடம் றினோஸா அழைத்தாள்.

"மச்சான், எங்க நிக்கிறீங்க? வீட்டில பைப் உடைஞ்சிட்டாமெண்டு ரெண்டு பேர் சாமானோட வந்து நிக்கிறாங்க! சுபியான் அனுப்பினதாம்."

"பைப் சரியா இரிக்கி எண்டு சொல்லி அனுப்பு புள்ள."

"சொன்னன். கழட்டிப் பாத்தாங்க. உண்மையாவே ஒழுகுது! ராவாகுமாம் முடிய. உம்மா தேத்தண்ணி வேற ஊத்திக் குடுக்கிறா."

"யா அல்லாஹ்!"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு கோடும் கரிக்கட்டையால கீறினது மாதிரி இரிக்கி மச்சான். இப்பிடி ஒரு நாளும் வந்ததில்ல. விடிஞ்சா நீங்க அஞ்சி நாள் பயிற்சிக்குக் கண்டிக்குப் போயிடுவீங்க. இந்த மாசமும் போனா…"

முஸ்தாக்குக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவளுக்காக அவன் கடலைக்கூட நீந்திப் போயிருப்பான். இடையில் இருந்ததோ ஆறு மைல் தார் ரோடு.

"வந்திட்டன் புள்ள. அவங்கள நான் பாத்துக்கிறன்."

பைப்காரர்களைக் கிளப்ப வேண்டும். வேறு வழி தெரியாமல் சுபியானுக்கு அடித்தான். "வீட்டில ஒண்டுமில்லடா, ஆக்களத் திருப்பிக் கூப்பிடு! தண்ணி வயலுக்குத்தான். ஆனா இப்ப இல்ல, பிறகு!"

பைப்காரர்கள் கிளம்பினார்கள். வயல்காரர்களும் கிளம்பினார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் மதகுப் பாலத்தைக் கடக்க வேண்டும். அங்கே நாற்பது பேர் மண்வெட்டியோடு நின்றார்கள். பாலத்துக்குக் குறுக்கே நான்கு லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரங்கள்.

"பிறகெண்டா எப்ப விதானையார்?"

"பிறகு… கொஞ்சம் பிறகு."

"அப்ப இஞ்சயே இருங்க. தண்ணி வந்தா பங்கிட ஆள் வேணுமே!"

"நான் ஒருக்கா வீட்ட போயிட்டு…"

"போகேலா! போன முறையும் கடைசி வயலுக்கு ஒரு சொட்டு வரல்ல."

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. முஸ்தாக் சூரியனைப் பார்த்தான், பாலத்தைப் பார்த்தான். இனிப் பொய் சொல்லிப் பிரயோசனமில்லை.

"எல்லாரும் என்ன மன்னிச்சிக்கங்க. தண்ணி வராது. அது என்ட பெண்சாதி எனக்கு அனுப்பின மெசேஜ். கை தவறிக் குழுவில போட்டுட்டன்."

சுபியான் தலையைச் சொறிந்தான். "தண்ணி திறந்தாச்சி, கெதியா வாங்க எண்டு மதினி என்னத்துக்குக் காக்கா உங்களுக்கு…?"

முஸ்தாக்கின் காது இரண்டும் சிவந்தன. கூட்டத்தின் பின்னாலிருந்து பெரிய சிரிப்பொன்று வெடித்தது. எழுபது வயது தாண்டிய கந்தப்போடி கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"வழிய விடுங்கடா! விதானையார் போகட்டும்."

"அப்ப தண்ணி ஐயா?"

"பதினொரு நாள் காஞ்ச வயல் இன்னும் ரெண்டு நாள் காயும். வந்ததுக்கு வாய்க்கால்ல கிடக்கிற புல்லைச் செருக்குங்க. போங்க, போங்க!"

முணுமுணுத்துக்கொண்டே லேண்ட்மாஸ்டர்களை ஒதுக்கினார்கள். முஸ்தாக் நன்றி சொல்ல வாயெடுத்தான். கந்தப்போடி மோட்டார் சைக்கிளின் கைபிடியைப் பிடித்து, அவன் காதருகே குனிந்தார்.

"உங்கட வாப்பா விதானையா இருக்கக்குள்ள, உம்மா இதே சொல்லைத்தான் என்னட்டச் சொல்லி அனுப்பினவ, நானும் விளங்காம ஊரையே மண்வெட்டியோட கூட்டி வந்தன்… அந்தத் தண்ணியில விளைஞ்சதுதான் தம்பி நீங்க!"