ஐந்து மணிக்குப் பூட்டிய கடையும் சிவமலரின் கோட்டும்

மொன்றியல்,
28.12.2003

பெருமதிப்புக்குரிய மச்சான் மகேந்திரராசா அவர்கட்கு,

இங்கு நாங்கள் நலம். ஆறு வருடமாக ‘நான் நலம்’ என்று எழுதிவந்த கை, இன்று முதல்தரமாக ‘நாங்கள்’ என்று எழுதுகிறது. ஸ்காபரோவில் நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும் பனியில் வழுக்காமல் நலமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

உங்கள் தங்கை சிவமலர் கடந்த ஞாயிறு பத்திரமாக வந்து சேர்ந்தா. அதற்கு முதலில் உங்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அவவுக்குக் குளிர்கோட்டு வாங்க வேண்டும் என்று நான் பரபரத்தபோது, நத்தாருக்கு முந்தின ஞாயிறு கடையெல்லாம் ஒன்பது மணி வரை திறந்திருக்கும், வேலை முடிந்து ஆறுதலாகப் போய் வாங்கு என்று தொலைபேசியில் சொன்னீர்கள். நானும் நம்பி, றெஸ்ரோறன்ற் குசினியில் கடைசிச் சட்டியையும் கழுவி வைத்துவிட்டு, டவுன்டவுன் கடைவாசலுக்குப் போகும்போது ஐந்து மணி நாலு நிமிடம். கதவு பூட்டு. நீங்கள் சொன்னது ஒன்ராறியோச் சட்டம் மச்சான். இங்கே மாகாணம் வேறு, கிழமை நாளில் ஒன்பது மணி, சனி ஞாயிறு ஐந்து மணி. ஊரடங்குச் சட்டத்துக்குள் வளர்ந்தவன் நான், ஆனால் ஊரில்கூடக் கடைக்காரர் அரைக்கதவைத் திறந்து ஒரு றாத்தல் பாண் தருவார்கள். இங்கே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பெண் மணிக்கூட்டைக் காட்டினா. எனக்குப் பிரெஞ்சு குசினி அளவுக்குத்தான் வரும் என்பதால், இரண்டு கையையும் விரித்து விமானம் போலச் சுற்றி, பிறகு உடம்பை உதறி நடுங்கி, மனைவி ஏழு மணிக்கு இறங்குகிறா, அவவிடம் கோட்டு இல்லை என்று நடித்துக் காட்டினேன். காவற்காரர் வந்துவிட்டார்.

அந்தப் பெண்தான் பின்வாசலால் வெளியே வந்து அவரை அனுப்பிவிட்டு, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டா. பிறகு தன் தலையில் இருந்த கம்பளித் தொப்பியையும் கையுறையையும் கழற்றி என் கையில் வைத்தா. விற்பதற்குத்தான் சட்டம் விடாது, கொடுப்பதற்கு ஒன்றும் சொல்லாது என்றா. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். ‘மெர்சி’ என்று நாலு தரம் சொன்னேன், பெயர் கேட்க மறந்துபோனேன்.

ஞாயிறு மாலை திறந்திருப்பது டிப்பனர் என்கிற தெருமுனைச் சின்னக் கடைகள் மட்டும்தானே, அதுவும் நாலு பேருக்குமேல் வேலை செய்யாவிட்டால். ஆகவே கோட்-டெ-நெய்ஜில் எங்கள் தெருமுனையில் டிப்பனர் நடத்தும் மன்னார் கிறகரி அண்ணையிடம் ஓடினேன். பாலும் பியரும் லொத்தர்ச் சீட்டும் விற்கிற கடையில் கோட்டுக்கு எங்கே போவது? என் கோட்டைக் கழற்றிக் கொடுக்கலாம்தான், ஆனால் அதில் ஆறு வருடப் பொரித்த எண்ணெய் மணக்கிறது. அண்ணை யோசித்துவிட்டு, தேவாலயக் கரோல் கோஷ்டிக்குத் தான் போடுகிற நத்தார் தாத்தா உடுப்பை எடுத்துவந்தார். சிவப்பு, விளிம்பெல்லாம் வெள்ளைப் பஞ்சு, சப்பாத்தும் சோடியாக. வாங்குவதற்குக் கல்லாவுக்குப் பின்னால் போனேன், அண்ணை பதறிவிட்டார்.

“தம்பி, அங்காலை நில்லும். நானும் மனிசியும் ரெண்டு பெடியளும் நிக்கிறம். இன்ஸ்பெக்டர் கண்டால் நீர்தான் அஞ்சாவது ஆள்.”

செவ்வாய்க்கிழமை கரோலுக்கு முன் திருப்பித் தர வேண்டும், தாடி தரமாட்டேன் என்ற இரண்டு நிபந்தனையோடு தந்தார். டாக்சி பிடித்து டோவால் விமான நிலையம் போனேன்.

மச்சான், சிவமலர் சேலையும் மெல்லிய காடிகனுமாக, பயந்த முகத்தோடு வெளியே வந்தா. நான் கோட்டை விரித்தபடி நின்றேன். என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தா.

“இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் போடுறவையோ?”

“ஓம்” என்றேன்.

கடைப் பெண் தந்த தொப்பியையும் கையுறையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டா. பத்தடி நடக்கவில்லை, ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஓடிவந்து கையைப் பிடித்து ஏதோ கேட்டது. இவ ஒன்றும் விளங்காமல் கைப்பையைத் திறந்து ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தா. அடுத்த நிமிடம் ஐந்து பிள்ளைகள் வரிசை. ஒரு தாய் படம் பிடித்தா. உங்களுக்கென்று கொண்டுவந்த பனங்கட்டி அங்கேயே முடிந்துவிட்டது, மன்னிக்கவும். ஆனால் அவ சிரித்தா மச்சான். வாய்விட்டு, டாக்சியில் வீடு வரும்வரை சிரித்தா. கடை திறந்திருந்தால் நான் ஒரு கறுப்புக் கோட்டு வாங்கியிருப்பேன், எங்களை ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். சட்டம் போட்டவருக்கும், பிழையாகச் சொன்ன உங்களுக்கும் என் மனம் நிறைந்த நன்றி.

மச்சாளுக்கு எங்கள் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, தமிழும் மறவாமல் இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்,
ஞானேந்திரன்

பி.கு: ஒட்டுவதற்கு முன் சிவமலர் இக்கடிதத்தை வாசித்தா. பெட்டியைத் திறந்து ஒரு நீலக் குளிர்கோட்டை எடுத்துக் காட்டினா. விமானம் மாறும்போது லண்டன் அக்கா வந்து கொடுத்ததாம். கையில்தான் வைத்திருந்தாவாம், என்னைக் கண்டதும் பைக்குள் திணித்துவிட்டாவாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “ரெண்டு கையாலையும் விரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். எப்பிடிச் சொல்லுறது?” என்கிறா.