அலெக்சாண்டரின் வெளி விவகார இலாகா

சமுத்திரம் தாண்டி வெளிநாடு போனவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். ஒரு புளியமரத்தைத் தாண்டியே வெளிநாடு போய்ச் சேர்ந்த மகாபுருஷர் அலெக்சாண்டர் ஒருவர்தான். திண்டிவனத்தில் பஸ் ஏறினார். சுங்கச் சாவடியில் இறங்கி, அங்கிருந்த புளியமரத்தைத் தாண்டி நடந்து, மறுபடி ஏறினார். அவ்வளவுதான், இங்கிலீஷ்காரன் ராஜ்யம் முடிந்து பிரெஞ்சுக்காரன் ராஜ்யம் வந்துவிட்டது. மனைவி அகஸ்டினா கட்டிக்கொண்டு வந்த இட்டிலி காய்வதற்குள் அவர் புதுச்சேரிவாசி ஆகிவிட்டார்.

அங்கே ஒரு துணிக்கடையில் அவருக்குக் குமாஸ்தா வேலை. யாராவது "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெளிநாட்டுல" என்பார்.

வெளிநாட்டு வாழ்க்கை என்றால் சும்மாவா? குடிவந்த மறுநாளே நிர்வாகக் கூட்டம் கூடியது. வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில் அலெக்சாண்டர் தலைமை வகித்தார். அகஸ்டினா அரிசி களைந்துகொண்டே கலந்துகொண்டாள்.

"இந்த நாட்டுல புருஷன் பொஞ்சாதி சரிசமம். அதனால வேலைய ரெண்டு இலாகாவாப் பிரிக்கறேன். வெளி விவகாரம் எனக்கு. உள் விவகாரம் ஒனக்கு."

"உள் விவகாரம்னா என்னாங்க?"

"சமையல், துணி தொவைக்கறது, தண்ணி, வெறகு, பாத்திரம். எல்லாம் சின்னச் சின்னது."

"தண்ணிக் கொழா தெருவுல இல்ல இருக்குது?"

"கொழா தெருவுல இருக்கட்டுமே. தண்ணி வூட்டுக்குள்ளதான வருது?"

இந்த நுட்பமான தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது.

வெளி விவகார இலாகா மறுநாளே சுறுசுறுப்பாகச் செயல்படத் தொடங்கியது. காலையில் அலெக்சாண்டர் தொப்பி போட்டுக்கொண்டு ரொட்டிக் கடைக்குப் புறப்படுவார். எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் பிரெஞ்சு வணக்கமாக "பொன்ழூர்" சொல்வார். ஜட்கா வண்டிக் குதிரைக்கும் ஒன்று உண்டு. பிறகு நீள ரொட்டி ஒன்றை வாங்கி, துரைமார் செய்வதுபோலவே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சித்திரை வெயிலில் ஊரைச் சுற்றி வீடு திரும்புவார். அகஸ்டினா அந்த ரொட்டியை ஒருநாளும் வாயில் வைத்ததில்லை. பாவம், நாகரிகம் போதாது என்று அவர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். மீன், எண்ணெய், காய்கறி முதலியவை 'பரிசீலனையில்' இருந்தன. அவை பரிசீலனையில் இருக்கும்போதே அகஸ்டினா போய் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

ஈஸ்டருக்குத் திண்டிவனம் போனபோதுதான் அவருடைய மாபெரும் தத்துவம் பிறந்தது. வரி கட்டாமல் பிரெஞ்சுச் சரக்கு போகிறதா என்று பார்க்கச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். அகஸ்டினாவின் தலையில் மூட்டை, இடுப்பில் கூடை, கையில் தகரப்பெட்டி. சிப்பாய் அத்தனையையும் பிரித்துக் கொட்டிப் பார்த்துவிட்டு அவளையே கட்டச் சொன்னான். அலெக்சாண்டரைப் பார்த்து, "கையில ஒண்ணுமில்லையா? நீ போ" என்றான். அவர் ராஜகம்பீரமாக நடந்து புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

"பாத்தியா அகஸ்டினா? கையில ஒண்ணுமில்லாதவங்களுக்கு எல்லையே கெடயாது!"

அகஸ்டினா மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். வாயில் கயிற்றின் நுனி இருந்தது.

மாமனார் வீட்டு விருந்தில் கறிக்குழம்பு உள்ளே போகப் போக, வெளிநாட்டுப் பெருமை வெளியே வந்தது.

"அங்கெல்லாம் வூட்டு வேல ஆம்பளைங்கதான். உங்க பொண்ணு நாற்காலியில கால்மேல கால் போட்டுக்கினு ஒக்காந்திருக்கும்."

மாமியாருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது. அகஸ்டினாவின் அண்ணன் சவரியப்பன் மட்டும் தங்கையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். சவுக்காரம் தின்ற கை.

"மாப்ள, வர்ற ஞாயித்துக்கெழம நான் வந்து பாக்கறேன். நீங்க சொன்னாப்பல இருந்தா சந்தோஷம். இல்லன்னா பாப்பாவக் கையோட கூட்டிக்கினு வந்துடுவேன்."

அலெக்சாண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அகஸ்டினா போய்விட்டால் காப்பி யார் போடுவது? தொப்பியை யார் துடைப்பது? ஊருக்கெல்லாம் 'பொன்ழூர்' சொல்லிவிட்டு வந்தால் கதவை யார் திறப்பது? அவள் இல்லாவிட்டால் அது வீடாகவே இராது. இதை அவளிடமே சொல்லிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தார். உள் விவகாரமாயிற்றே என்று விட்டுவிட்டார்.

ஞாயிறு காலை பூசை முடிந்ததும் அகஸ்டினாவை நாற்காலியில் உட்கார வைத்தார். "அண்ணன் போற வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது."

"சரிங்க. அப்ப சமையல் யாரு?"

நிர்வாகத்தில் இருந்த சிறு குறை அப்போதுதான் தலைவருக்குத் தெரிந்தது. உடனே தொப்பியை எடுத்துக்கொண்டு மீன் வாங்க வைத்திக்குப்பத்துக்கு ஓடினார்.

"மீனா? விடிகாலயே தீந்துபோச்சி" என்றாள் கடற்கரையில் கூடை வைத்திருந்த அஞ்சலாட்சி. "நண்டு கீது. பை எங்க?"

பையெல்லாம் உள் விவகாரம். தொப்பியைக் கழற்றி நீட்டினார். நாரால் கால் கட்டிய நண்டுகள் தொப்பியில் பயணமாகி, அடுப்படித் தரையில் இறங்கின. அவற்றைப் பார்த்ததும் அலெக்சாண்டருக்கு மனம் பொறுக்கவில்லை. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கும் நாடாயிற்றே! இங்கே ஒரு நண்டு கைகட்டிக் கிடப்பதா? எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிட்டார்.

சுதந்திரம் பெற்ற நண்டுகளில் ஒன்று முதல் வேலையாக அவர் கட்டைவிரலைப் பிடித்தது. அதே நேரத்தில், அவர் பற்றவைத்த ஈரவிறகு புகைந்து தெருவையே மறைத்தது. பக்கத்து வீட்டுக் கரீம் பாய் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

"ஐயோ, நெருப்பா?"

"இல்ல பாய், சமையல்" என்றாள் அகஸ்டினா, கால்மேல் போட்ட காலை எடுக்காமல்.

சவரியப்பன் வந்து சேர்ந்தது அந்தச் சுபவேளையில்தான். அடுப்படியை எட்டிப் பார்த்தான். மாப்பிள்ளை உரல்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கீழே நண்டுகள் காவல்.

"இதுதான் மச்சான் பிரெஞ்சு மொற" என்றார்.

"பாப்பா, பொட்டியக் கட்டு" என்றான் அவன்.

"நேத்தே கட்டிட்டேண்ணே."

பெட்டியைத் தூக்கப்போன அண்ணனை அவள் தடுத்தாள். "நீ ஏன் தூக்கற? இதெல்லாம் வூட்ட வுட்டு வெளிய போற சாமான். அவரோட இலாகா."

சட்டம் சட்டந்தான். தலையில் மூட்டை, இடுப்பில் கூடை, கையில் தகரப்பெட்டியாக அலெக்சாண்டர் பஸ் ஏறினார். சாவடி வருவதற்குள் அவள் மனசு மாறிவிட வேண்டும் என்று மாதாவை வேண்டிக்கொண்டே போனார். சாவடிதான் வந்தது.

"எப்ப வருவ?" என்று கெஞ்சினார்.

"அடுப்புப் பத்த வைக்கக் கத்துக்கினு சொல்லி அனுப்புங்க. வரேன்."

சிப்பாய் அவளைப் பார்த்தான். "கையில ஒண்ணுமில்லையாம்மா? போ." அவள் அண்ணனோடு கைவீசி நடந்து புளியமரத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி நின்றாள்.

"நீங்க சொன்னது நெசந்தாங்க. கையில ஒண்ணுமில்லாதவங்களுக்கு எல்லையே கெடயாது!"

இந்தப் பக்கம் சிப்பாய் எல்லாவற்றையும் பிரித்துக் கொட்டிவிட்டு, "ம், கட்டு" என்றான். அலெக்சாண்டருக்குக் கட்டத் தெரியவில்லை. ஒரு முனையைக் கட்டினால் மறுமுனை வழியாகப் புடவை வழிந்தது. அப்போதுதான் சிப்பாய் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான்.

"யோவ், இதே மூட்டைதான? ஈஸ்டரப்ப அந்தம்மா ஒண்டியாத் தூக்கினு வந்து, ஒண்டியாக் கட்டினு போச்சே! நீ புருஷன்தான? அப்ப எங்கய்யா இருந்த நீ?"

அலெக்சாண்டர் வழக்கம்போலத் தொண்டையைச் செருமினார்.

"வெளிநாட்டுல."