இடது பக்கம் திரும்பாத கார்

தையல்காரர் ஒரு சபதம் போட்டிருந்தார். செத்தாலும் மைத்துனனின் டயர் கடை வாசலை மிதிப்பதில்லை.

காரணம் சின்னதா? ஒரு கல்யாண வீட்டில், சொந்தபந்தம் அத்தனையும் சுற்றி நிற்க, "அத்தான் எங்கே காரை ஓட்டுறார்? கார்தான் அத்தானை ஓட்டுது!" என்று சொல்லிவிட்டான் அந்தப் பயல். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். மனைவியை அன்றே மன்னித்துவிட்டார். ஒரே வீட்டில் இருந்துகொண்டு வேறென்ன செய்வது? மைத்துனன் தனி வீட்டில் இருந்தான். அவன்மேல் கோபத்தைச் சௌகரியமாக வைத்துக்கொள்ள முடிந்தது.

இப்போது டயர் நான்கும் அவர் தலையைப் போல வழுக்கையாகிவிட்டன.

"தம்பிகிட்ட போனா..." என்று ஆரம்பித்தாள் மனைவி.

"அந்தப் பேச்சே வேண்டாம்!"

"சரி, டிரைவர் கதவைத் திறந்தா ஓரத்துல டயர் அளவு எழுதி ஒட்டியிருக்கு. அதையாவது பார்த்துட்டுப் போங்க."

"எனக்கே அளவா? ஊர் இடுப்பெல்லாம் என் கையிலதாண்டி இருக்கு!"

"வெளியே சொல்லாதீங்க."

வேறொரு கடைக்குப் போய், பார்வைக்கு ராஜா மாதிரி இருந்த அகலமான வீல்களை டயரோடு மாட்டிக்கொண்டார். "உங்க வண்டிக்கு இது பெரிசுங்க" என்றான் கடைக்காரன். "தாராளமா இருந்தாத்தான் நல்லது" என்றார். துணியில் அப்படித்தானே? பழைய வீல்களை வீட்டு வாசலில் இறக்கி, "யார்கிட்டயாவது தள்ளிவிடு" என்றார் மனைவியிடம்.

இரண்டு நாள் கழித்து, மனைவியை ஏற்றிக்கொண்டு தெருமுனையில் இடது பக்கம் திருப்பினார். கர்ர்ர்ர்! என்றோ கேட்டில் இடித்து நசுங்கிய மட்கார்டில் டயர் உரசியது.

"வலது பக்கம் திருப்பிப் பாருங்க."

சத்தமே இல்லை.

"வாங்கின கடைக்கே போய் மாத்திடலாம்" என்றார்.

"அது இடது பக்கம்ல இருக்கு?"

அவருக்கு வியர்த்துவிட்டது.

"பதறாதீங்க. நான் சொல்றபடி ஓட்டுங்க. நேரே... இப்போ வலது... நேரே... இன்னொரு வலது."

சத்தம் வராத சந்தோஷத்தில் அவர் தெருவைக் கவனிக்கவில்லை. நிறுத்திய பிறகுதான் பார்த்தார். மைத்துனன் கடை! ஓடிவிடலாம் என்றால், அந்தத் தெருவைவிட்டு வெளியே போக இடதுதான் வழி.

"வாங்க அத்தான்."

அவருடைய பழைய வீல்கள், சரியான அளவில் புது டயர் போட்டுக்கொண்டு சுவரோரம் சாய்ந்திருந்தன. "அக்கா அன்னிக்கே அனுப்பிட்டா" என்றான்.

சபதப்படி அவர் காலைக் கீழே வைக்கவில்லை. சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். மைத்துனன் அவரோடு சேர்த்தே காரை ஜாக்கியில் தூக்கினான்.

ஜன்னலோரம் வந்து கையைத் துடைத்தபடி, "அன்னிக்கு ஏதோ வாய் தவறிட்டுது அத்தான்" என்றான்.

அந்தரத்தில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் முறைப்பது?

"உன் சட்டை தோள்ல பிரிஞ்சிருக்கு" என்றார் தையல்காரர். "நாளைக்குக் கடைக்குக் கொண்டா."

வீட்டுக்குத் திரும்பும்போது கார் இடது பக்கம் வெண்ணெயாக வளைந்தது. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது.

"ஏண்டி! மூணு தடவை வலது திரும்பினா இடது பக்கம் வந்திருக்குமே! அந்தக் கடைக்கே போயிருக்கலாமே!"

"போயிருக்கலாம்."

"அப்பவே உனக்குத் தெரியுமா?"

"தம்பி அன்னிக்குச் சொன்னது தப்புதாங்க" என்றாள் மனைவி. "காரா உங்களை ஓட்டுது? நான்தானே ஓட்டுறேன்."