ஹார்டு டிஸ்க்கில் ஆளுக்குப் பாதி

வீட்டில் ஒரே ஒரு விஷயத்திலாவது ஜெயித்துக் காட்டுவது என்று அடைக்கலம் கங்கணம் கட்டிக்கொண்டான். புதிதாக வந்திறங்கிய கம்ப்யூட்டர் அதற்கு வாகாக அமைந்தது.

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனி ஒன்றில் கப்புகளுக்கு அச்சு எடுக்கிறவன் அவன். சிடி சிடியாகச் சேர்த்திருந்த சினிமாப் படங்களை ஒன்று விடாமல் உள்ளே ஏற்றிவிட வேண்டும் என்று கொள்ளை ஆசை. மனைவி விமலாராணிக்கோ சர்ச் பாடகர் குழுவின் பாட்டுகளைப் பதிந்துவைக்க இடம் வேண்டும். ஹார்டு டிஸ்க் வந்த டப்பாவில் எண்பது ஜிபி என்று போட்டிருந்தது. ஆளுக்கு நாற்பது என்று பேச்சு முடிந்தது.

கடைக்காரர் ஏற்றிக்கொடுத்திருந்த லினக்ஸோ மொத்தமே எழுபத்துநாலு என்றது. பதறிப்போய்க் கடைக்கு ஓடிக் கேட்டதற்கு அவர் சிரித்தார். டிஸ்க் செய்கிறவன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், லினக்ஸ் ஆயிரத்து இருபத்துநாலாக எண்ணுகிறது, சரக்கு ஒன்றுதான், அளக்கிற படிதான் வேறு என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அடைக்கலத்தின் குறுக்குப் புத்தி வேலை செய்தது.

"விமலா, டிஸ்க்கும் சூளையில வெச்ச மண்ணு மாதிரிதான். உன் பாதி சுருங்கி முப்பத்துநாலு ஆயிடுச்சு."

"உங்க பாதி?"

"அது மேல்பாதி. சுருங்காது."

விமலாராணி கோபப்படவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவள், சூளையில் சுருங்குகிற கப்புக்குக் கம்பெனியில் எப்படி அச்சு எடுப்பீர்கள் என்று அக்கறையாகக் கேட்டாள். அவன் வேலையைப் பற்றி அவள் கேட்டதே அபூர்வம். அடைக்கலம் பூரித்துப்போய், சுருங்கப்போவதையும் சேர்த்து முன்கூட்டியே பெரிதாக எடுப்போம் என்று விலாவாரியாக விளக்கினான்.

"அப்ப எனக்கும் பெருசா எடுங்க. நாப்பத்துமூணு வெச்சா, வெந்து நாப்பதா வரும். மிச்சம் முப்பத்தேழு உங்களுக்கு. உங்களுதுதான் சுருங்காதே."

அவளே உட்கார்ந்து பிரித்தாள். திரையில் அவள் பங்கு நாற்பது, அவன் பங்கு முப்பத்துநாலு. படங்களில் ஒரு கட்டு வெளியிலேயே நின்றது. அடைக்கலத்துக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. மானத்தை விட்டு உண்மையைக் கக்கினான்.

"டிஸ்க்கு எங்கியும் சுருங்காது விமலா. எண்ணுற கணக்குதான் வேற."

"தெரியும்ங்க. கூட வந்த புஸ்தகத்துல அன்னிக்கே படிச்சிட்டேன். நீங்க மட்டும் சுருங்குதுன்னு சொல்லாம இருந்திருந்தா, சரிபாதியாவே பிரிச்சிருப்பேன்."